மறைப்புக்குள் போனவர்

எங்கள் மாட்டு டாக்டரம்மா எதற்கும் தயங்குகிற ஆள் இல்லை. வாயில்லா ஜீவன் தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. கண்ணைப் பார்த்து, வயிற்றைத் தட்டி, அவர்தான் முடிவெடுக்க வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். மகளின் படிப்பு, சுவரின் நிறம் எல்லாம் அவர் சொன்னதுதான் சட்டம். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர், "எனக்கு யோசிக்கிற செலவே இல்லப்பா" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிவார்.

நகரசபைத் தேர்தலில் டாக்டரம்மாவை ஒரு வாக்குச்சாவடிக்குத் தலைமை அதிகாரியாகப் போட்டார்கள். பயிற்சி வகுப்பில் செங்கல் கனத்துக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். 'வாக்காளரை அவசரப்படுத்தக் கூடாது' என்றது ஒரு பக்கம். 'வாக்குப்பதிவு எக்காரணம் கொண்டும் தடைபடக் கூடாது' என்றது இன்னொரு பக்கம். இரண்டும் நியாயமாகவே பட்டதால் இரண்டுக்கும் அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

அன்று காலை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தேர்தல் வேலைக்கு வந்திருந்த தபால் ஆபீஸ் அம்மா விரலில் மை வைத்து வாக்குச்சீட்டைக் கொடுப்பார். வாக்காளர் மூலையில் இருந்த அட்டை மறைப்புக்குள் போய் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். பிறகு டயர் கடைக்காரர் உள்ளே போனார். போனவர் வரவில்லை.

மறைப்புக்குக் கீழே அவருடைய செருப்புகள் தெரிந்தன. இடது கால் வலது காலைச் சொறிந்தது. அவ்வளவுதான் அசைவு. வரிசை வாசலைத் தாண்டி வளர்ந்தது.

"ஐயா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" டாக்டரம்மா இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கேன். யோசிக்கிறேன்."

"வீட்டுலயே யோசிச்சிட்டு வந்திருக்கலாமே?"

"யோசிச்சிட்டுத்தாம்மா வந்தேன். சீட்டைப் பாத்ததும் கொழம்பிப்போச்சு. ஒரு பக்கம் என் மச்சான், இன்னொரு பக்கம்…"

"ஐயா! பேரு, உறவு ஒண்ணும் சொல்லாதீங்க!" டாக்டரம்மா பதறிப்போனார். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் காதைத் தீட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மா தேர்தல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்தவர், "ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, வரலேன்னா வெளிய அனுப்பிடுங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் வேறொருவர் போனை வாங்கி, "பக்கத்துலயே போயிடாதீங்கம்மா, ரகசியம் போச்சுன்னு கேஸ் ஆயிடும்" என்றார். பிறகு இருவரும் தங்களுக்குள் சண்டை போடுவது கேட்டது. டாக்டரம்மா போனை வைத்துவிட்டார்.

மாடாக இருந்தால் இந்நேரம் ஊசி போட்டு முடித்திருப்பார். இங்கே கை எழவில்லை. உள்ளே போனால் தப்பு, போகாவிட்டாலும் தப்பு. வெளியே, கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "உள்ள என்ன, கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்குறாரு?" என்று சத்தம் போட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. செருப்புகள் மட்டும் அசையவில்லை.

கடைசியில் டாக்டரம்மா, சாமான்கள் வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கிழித்து, எதிர் மூலையில் ஒரு மேஜைமேல் நிறுத்தினார். "இன்னொரு மறைப்பு வைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

ஏஜெண்டுகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வைக்கலாமா?" என்றார் ஒருவர்.

"அதைத்தான் உங்ககிட்ட கேக்குறேன்."

"எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே அதிகாரி!"

வைத்தார். வரிசை நகர்ந்தது. கைக்குழந்தைக்காரியும் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாள். அதற்கும் பிறகுதான் டயர் கடைக்காரர், பல் பிடுங்கிய முகத்தோடு வெளியே வந்து சீட்டைப் பெட்டியில் போட்டார். முத்திரை குத்தினாரா, வெறும் தாளை மடித்தாரா என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூடாது.

தேர்தல் முடிந்து நடந்த கூட்டத்தில் ஒரு மேலதிகாரி, "சமயோசிதம்" என்று பாராட்டினார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு அதிகாரி, "யாரைக் கேட்டு ரெண்டாவது மறைப்பு வெச்சீங்க?" என்று முறைத்தார். டாக்டரம்மா இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். இரவு, நடந்ததைக் கணவரிடம் சொல்லி, "நான் செஞ்சது சரியா?" என்று கேட்டார். மனுஷர் மிரண்டுபோனார். கல்யாணமான நாளிலிருந்து யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த தேர்தலுக்குப் புதியவர்களுக்கு வகுப்பெடுக்க டாக்டரம்மாவையே கூப்பிட்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "முடிஞ்சா ரெண்டு மறைப்பு வாங்கி வெச்சுக்குங்க. நான் செஞ்சது சரியான்னு எனக்கு இன்னும் தெரியல."

பின்வரிசையில் ஒரு சர்வேயர் கை தூக்கினார். "ரெண்டுலயும் ஒவ்வொருத்தர் போய் நின்னுட்டா என்னங்க பண்றது?"

வகுப்பே சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.