ஆச்சரியக்குறி போட்ட விலாசம்

போன வாரம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். கடைக்காரப் பெண் என் மின்னஞ்சல் விலாசத்தைக் கேட்டாள். நான் சொல்லி வாயை மூடுவதற்குள் அனுப்பியும்விட்டாள். அந்தச் சூடான காகித வாசனை என்னை எண்பதுகளின் சென்னையில் ஒரு கல்லூரிக் கணினி அறைக்கு இழுத்துக்கொண்டு போனது.

நானும் மணலூர்பேட்டை செல்வியும் அங்கே ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் அப்பா, அம்மா கரும்பு வெட்டும் கூலிகள். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த சமயம் அது. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கொடுத்து அவளுக்கு வந்த கடிதம் ஊரில் முடங்கிக் கிடந்தது. லாரி மாறி லாரி ஏறிப் போய் எடுத்து வந்தாள். சம்மதம் சொல்லக் கெடு முடியப்போகிறது. தபாலில் போட்டால் போய்ச் சேராது. கடிதத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் விலாசம் இருந்தது.

அப்போது ஒவ்வொரு கணினி வலைக்கும் விலாசம் எழுத ஒரு வழக்கம். சிலவற்றில் பேருந்துத் தடம் மாதிரி, இந்தக் கணினி, அடுத்த கணினி, கடைசியில் ஆள் என்று நடுநடுவே ஆச்சரியக்குறி போட்டு எழுத வேண்டும். சிலவற்றில் தபால் உறை மாதிரி ஆள் முதலில், இடம் கடைசியில், நடுவே @. செல்விக்கு வந்த விலாசத்தில் இரண்டும் கலந்து கிடந்தன. நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே, அப்படியே அடித்து அனுப்பினேன். எங்கள் கணினி அந்த விலாசத்தை @-க்குப் பின்னாலிருந்து படிக்காமல் முன்னாலிருந்து படித்து, சம்பந்தமே இல்லாத ஒரு கணினிக்குத் தள்ளிவிட்டது. மறுநாள் காலை, அப்படி ஓர் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

செல்வி அழவில்லை. விலாசத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடிதம் எடுக்க ஊருக்குப் போனபோது லாரிக்காரர்கள் வழி சொன்னதைச் சொன்னாள்.

"மணலூர்பேட்டைனு கேட்டா எவனுக்குத் தெரியும்? திருக்கோவிலூர் போ, அங்க கேளுன்னாங்க. அதே மாரி பண்ணுப்பா. ரெண்டு வலையும் சேர்ற கணினி வரிக்கும் நாம சொல்லுவோம். அதுக்கு மேல அது பாத்துக்கும்."

இணைப்புக் கணினியின் பெயரை முன்னால் வைத்து, முழு விலாசத்தையும் தடமாக மாற்றி எழுதினோம். மறுநாள் பதில் வந்திருந்தது. அது தாண்டி வந்த கணினிகளின் பெயர்கள் மின்னஞ்சலின் தலைப்பில் வரிசையாக இருந்தன. செல்வி நடத்துநர் போல ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இன்னாப்பா, வரச் சொல்லிட்டாங்க" என்றாள். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் எனக்குத்தான் இடம் கிடைத்தது என்று நினைத்திருப்பீர்கள்.

அந்தக் கணினிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. ஆச்சரியக்குறி போட்ட விலாசமும் ஒழிந்தது. போனால் போகட்டும். செல்வி படிக்க வேண்டிய இடத்துக்குப் போய்ப் படித்துவிட்டாள்.