நான் அவிழ்த்த நீல நாடாக்கள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஜூன் மழையில், குலசேகரம் பக்கம் நான் வேலை பார்க்கும் ரப்பர் நாற்றுப் பண்ணையில் நடந்தது இது. நான் அங்கே ஒட்டுக் கட்டுகிறவன். நல்ல இனத்தின் மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து, சாதாரணக் கன்றின் தண்டில் பதித்து நாடா சுற்ற வேண்டும். மொட்டு பிடிக்காவிட்டால் தண்டின் மறுபக்கத்தில் இரண்டாம் தடவை ஒட்டுவேன். அப்போது அதே இனத்தின் கம்பு கையில் இல்லாவிட்டால் வேறு இனத்தை வைத்துவிட்டு, அடையாளத்துக்கு நீல நாடா கட்டுவேன். அதனால் ஒரே பாத்தியில் நூற்றைந்து என்ற இனத்துக்கு நடுவில் வேறு இனமும் நிற்கும். எது எது என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். அதிகம் பேசாத எனக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

மழைக்கு முன்னால் முதலாளி பண்ணை விவரங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் என் மனைவியின் தங்கை கணவர். கல்ஃபில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பியவர். மாமியார் வீட்டில் மரியாதைக்கு வைக்கும் மீன் தலை எப்போதும் அவர் இலைக்குத்தான் போகும். எனக்கு அவரைக் கண்டாலே உள்ளே ஒரு புகைச்சல்.

அவர் பாத்தி, இனம், ஒட்டிய நாள், ஒட்டியவர் என்று வரிசையாக எழுதினார். எது எண், எது தேதி, எதைக் காலியாக விடக்கூடாது, எது எதோடு சேர்ந்தது என்று மட்டும் நாம் சொன்னால் போதுமாம். மீதிப் புரோகிராமைக் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளுமாம். ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் எழுத்துகள் மழை போல ஓடின. சாயா ஆறுவதற்குள் முதலாளியின் போனில் பக்கங்கள் வந்துவிட்டன. தேதி போடாமல் விட்டால் சிவப்பாக அதட்டியது. "ஒட்டியவர்" என்ற இடத்தைத் தொட்டால் என் பேர் வந்தது. இத்தனை வருஷம் நான் தலையில் சுமந்ததை அவர் உட்கார்ந்த இடத்தில் செய்துவிட்டார்.

நடுவில் அவர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். "அண்ணே, ஒரு பாத்திக்கு ஒரே இனம்தானே?"

இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் எனக்கு மிச்சம் இருந்ததையும் ஒரு வரியில் எழுதி எடுத்துவிடுவார் என்று தோன்றியது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்று வீட்டில் மனைவி, "ஒரு சாயா குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டாராமே!" என்றாள். நான் சோற்றைப் பிசைந்தேன்.

அடுத்த வாரம் முதலாளி, "ஏலே, இனி அந்த நீல நாடா வேண்டாம் கேட்டியா. எல்லாம் போன்ல உண்டு" என்றார். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். நானே நின்று ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.

ஜூனில் சிதறால் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்த பிறகு இருக்கிற ஒரு துண்டு நிலத்தில் நூற்றைந்து மட்டும் நட வேண்டும் என்றார். போனில் இருந்தபடி சீட்டு அச்சாகி, கன்றுகள் டெம்போவில் ஏறின. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏழு வருஷம் கழிஞ்சுதான் பால் வெட்டணும். தப்பாப் போனா திருப்பி நட எனக்கு வயசு இல்ல, மக்கா."

டெம்போ கிளம்பும்போது முன்னால் போய் நின்றுவிட்டேன். "இறக்குங்க" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. முதலாளி கத்தினார். மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொரு தண்டாக விரலால் தடவினேன். இரண்டாம் தடவை ஒட்டியதில் மறுபக்கம் பழைய வடு இருக்கும். அப்படிச் சந்தேகம் உள்ள பதினேழு கன்றுகளையும் பிரித்தெடுத்தேன்.

சாயங்காலம் என் சகலை வந்தார். தெரிந்தே தலையாட்டினேன் என்று சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"அண்ணே, நீங்க ஒருக்கா தலையாட்டினீங்க. இந்தக் கம்ப்யூட்டர் அதை எல்லா பக்கத்துலயும் எழுதிட்டுது. இதுக்குப் பொய் தெரியாது, கேட்டியளா?"

பிறகு இனத்தைப் பாத்தியிலிருந்து எடுத்துக் கன்றோடு சேர்த்து எழுதினார். மறுபடி தட்டினார். பக்கங்கள், பட்டியல், சீட்டு எல்லாம் அந்த ஒரு மாற்றத்தில் திருந்திவிட்டன. நாற்காலியை என் பக்கம் தள்ளி, "இன்னும் என்னெல்லாம் ஒளிச்சு வச்சிருக்கீங்க, சொல்லுங்க" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரோடு பேசாததை எல்லாம் அன்று பேசினேன்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்த் தலையாட்டல்தான். மீன் தலை இன்றும் அவர் இலைக்குத்தான் போகிறது. ஆனால் அந்த அம்மாவின் நிலத்துப் பக்கம் போகும்போதெல்லாம், என் மனப்புகைச்சலுக்கு இன்னொருவரின் ஏழு வருஷத்தைப் பலி கொடுக்கப் பார்த்தேனே என்று நினைத்து, பஸ்ஸில் தலை குனிந்துகொள்கிறேன்.

எழுதி முடித்த நாள்: 12 அக்டோபர் 2025, ஞாயிறு.