ஆவணித் தண்ணீரில் மார்கழிக் குளிர்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது. வேலப்போடி தன் வாயால் சொன்னது. அவன் ஒன்றும் பொய் சொல்லத் தெரியாத ஆள் இல்லை. எருமை விற்கும்போது நன்றாகவே சொல்வான். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் ஒன்றுமே இருக்காது. பயம்கூட இருக்காது.

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்திய காலம். மட்டக்களப்பு வாவியின் குணம் அந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் அத்துப்படி. மார்கழியில் வெள்ளம் வரும். முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கலங்கி, குளிர்ந்து, கடலைப் பார்த்து இழுக்கும். அப்போது காலை வைப்பவனுக்குப் புத்தி சரியில்லை என்று அர்த்தம். கோடையில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் முகத்துவாரத்தை மண் மூடிவிடும். இழுவை நின்றுபோகும். தண்ணீர் கஞ்சிச் சூட்டில் அசையாமல் கிடக்கும். பல இடங்களில் நெஞ்சளவுதான் இருக்கும்.

அந்த மார்கழியில் வேலப்போடியின் மச்சான் யோகராசாவுக்குத்தான் புத்தி சரியில்லை. அக்கரையில் அகப்பட்ட ஓர் எருமைக் கன்றுக்காக வெள்ளத்தில் இறங்கினான். வாவி அவனை அடித்துக்கொண்டு போனது. வேலப்போடியின் மனைவி சீனிப்பிள்ளைக்கு அவன் ஒரே தம்பி. தாய் செத்தபின் அவள் வளர்த்த பிள்ளை. இரண்டு நாள் கரையில் கிடந்து கத்தினாள். மூன்றாம் நாள் உச்சி வேளையில் தம்பி வாசலில் வந்து நின்றான்... உடம்பெல்லாம் ஈரம்.

"பசிக்குது அக்கா."

அவ்வளவுதான் சொன்னான். எங்கே கரையேறினான், யார் காப்பாற்றினார்கள் என்று ஒரு பேச்சும் இல்லை. சீனிப்பிள்ளைக்கு அதெல்லாம் வேண்டியும் இருக்கவில்லை. சோறு போட்டாள். பானை காலியானது.

அதன்பின் அவன் பழைய ஆள் இல்லை. பேச்சுக் குறைந்தது. சாப்பாடு கூடியது. ஆனால் மேலில் ஒரு பிடி சதை ஏறவில்லை. கச்சான் ஊரையே வறுத்தெடுத்த நாட்களிலும் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பான். ஒரு துளி வியர்க்காது. வாவியில் கால் நனைக்கமாட்டான். பையன் பயந்துவிட்டான் என்றது ஊர். வேலப்போடியும் அப்படித்தான் நினைத்தான். நீங்களும் நானும் என்றாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

ஆவணி வந்தது. அக்கரை வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டிக் குவித்துவிட்டார்கள். கதிர் மிதிக்க எருமைகள் வாவியை நீந்திப் போகவேண்டும். முன் எருமையோடு ஒருவன் போவான். கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன் வருவான். வழக்கமாகப் பின்னால் வருபவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். வேலப்போடி யோகராசாவைக் கூப்பிட்டான்.

"அவன உட்டுட்டுப் போங்க," என்றாள் சீனிப்பிள்ளை.

"கோடைத் தண்ணி புள்ள. சின்னப் புள்ளயும் நீந்தும். இவனுக்குப் பயம் தெளியவேணாமா?"

"ஒருக்காப் போனவன் திரும்பி வந்திருக்கான். இன்னொருக்கா எனக்கு ஏலா."

"என்ட பொறுப்பு. நான் கூட்டிக்கொண்டு வாறன்."

யோகராசா சோற்றை முடித்தான். போர்வையை மடித்து வைத்தான். எழுந்து வந்தான்.

எருமைகளோடு நீந்துகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. அவன் முகம் திரும்பினால் முன் எருமையும் திரும்பும். பட்டி எருமைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அதனால் முன்னவன் ஒரு கூவல் கொடுப்பான். பின்னவன் பதில் கொடுப்பான். குரல் வந்தால் ஆள் இருக்கிறான்.

உச்சி வெயில். வேலப்போடி முன் எருமையோடு போனான். தண்ணீர் இதமான சூட்டில் இருந்தது.

"ஓ..."

"ஓய்."

பாதி வாவி அப்படியே போனது. நடுவில் இருந்த கண்ணாத் திட்டு நெருங்கியது. கண்ணா மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் விரல் விரலாக இறங்கியிருந்தன.

அங்கேதான் முதலில் குளிர்ந்தது.

முதுகில் மட்டும். வயிற்றில் பட்ட தண்ணீர் சூடு. முதுகில் பட்டது மார்கழித் தண்ணீர். வெள்ளத்துச் சேற்றின் மணமும் வந்தது. ஆவணியில்... எங்கிருந்து?

"ஓ..."

"ஓய்."

பட்டிக்குப் பின்னாலிருந்து வரவேண்டிய குரல். காதுக்குப் பக்கத்தில் வந்தது.

எருமைகள் சீறின. இரண்டு பக்கமும் விலகின. அவனுக்குப் பின்னால் வெறும் தண்ணீர். நீந்தும் சத்தம் இல்லை. கை அடிக்கும் சத்தம் இல்லை.

"மச்சான்... வாலை உட்டுட்டியா?"

பதில் இல்லை.

இடது தோளில் ஒரு கை விழுந்தது. தோள் விறைத்தது. பிறகு தோள் இருப்பதே தெரியவில்லை.

"அத்தான்... இவ்விடம்தான்."

வேலப்போடி திரும்பினான்.

யாரும் இல்லை.

ஒரு வட்டம் இல்லை. ஒரு குமிழி இல்லை.

காலை ஊன்றினான். தரை தட்டியது. தண்ணீர் நெஞ்சளவு. சூடாக இருந்தது.

நெஞ்சளவுத் தண்ணீரில் ஒருவன் எப்படி மூழ்குவான்? வேலப்போடி மூழ்கிப் பார்த்தான். கத்தினான். மறுபடி மூழ்கினான். சீனிப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்குத்தான் அவன் தலைக்குள் சுற்றியது. பட்டி தன் பாட்டுக்குக் கரையேறிப் போய்விட்டது, அவன் பார்க்கவுமில்லை. பக்கத்தில் வலை போட்டிருந்த காத்தான்குடி முத்தலிப் சத்தம் கேட்டுத் தோணியோடு வந்தார். இரண்டு பேரும் திட்டைச் சுற்றித் தேடினார்கள். வெயில் சாயும் நேரம் முத்தலிப் கண்ணா வேர்களுக்கு அடியில் கையை விட்டார். விட்டவர் அப்படியே நின்றார்.

"ஆள் கிடைச்சிட்டா?"

"போடியார்... இது இண்டைக்கு மவுத்தான ஆள் இல்ல."

எலும்புகள். வேர்களுக்கு நடுவே இறுகிக் கிடந்தன. சதை எப்போதோ போய்விட்டது. இடுப்பெலும்பில் ஒரு வெள்ளி அரைஞாண் தொங்கியது. அதைக் கழற்றி முத்தலிப் வேலப்போடியின் கையில் வைத்தார். வேலப்போடிக்கு அழுகை வரவில்லை. ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது சீனிப்பிள்ளை இரண்டு தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள்.

"எங்க அவன்?"

அவன் கையை விரித்தான். அவள் அரைஞாணை எடுத்து விளக்கருகே பிடித்தாள்.

"இது தம்பிட. ஆத்தா கட்டினது. அறுந்த இடத்தில நான்தான் செம்புக் கம்பி முறுக்கினன். வெள்ளத்தில போயிட்டெண்டு சொன்னானே... எங்க கிடந்தது?"

வேலப்போடி சொன்னான். எலும்பு கிடந்த இடத்தைச் சொன்னான். மார்கழி வெள்ளத்திலிருந்தே அது கிடக்கிறது என்று முத்தலிப் சொன்னதையும் சொன்னான்.

அவள் நெடுநேரம் அந்தக் கம்பி முறுக்கையே தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எட்டு மாசமா நான் ஆருக்குச் சோறு போட்டன்?"

வேலப்போடி இடது கையைத் தூக்கப் பார்த்தான். அது இன்னும் விறைத்தே கிடந்தது.

சீனிப்பிள்ளை எழுந்தாள். ஒரு தட்டைக் கணவனின் பக்கம் தள்ளினாள். மற்றதை மூடினாள். தம்பி குந்துகிற மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஆரெண்டாலும்," என்றாள், "பசியோடதானே வந்தது."

கதவைத் தாழ்ப்பாள் போடாமல் போய்ப் படுத்தாள்.