மேட்டுப் பக்கம் பத்து நிமிஷம், பள்ளத்துப் பக்கம் பத்து நிமிஷம்

செம்மேட்டுச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கி வைத்தேன். தலையில் கட்டிய சும்மாட்டைக்கூட அவிழ்க்கவில்லை. அதற்குள் மலையில் குண்டனி நாட்டுப் பக்கத்து ஆள் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "ஏனுங்க, விசில்காரரு தவறிட்டாருங்க. மூணு நாளாக் காய்ச்சல். விடியற நேரத்துல அடங்கிருச்சு" என்றான். எந்த விசில்காரர் என்று நான் கேட்கவில்லை. இந்த மலையில் இருந்தது ஒரே ஒரு விசில். அது என் தங்கையின் புருஷன் சடையனின் கழுத்தில் தொங்கியது. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு நடந்தேன். அதை யார் எடுத்து வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவனோடு பந்து ஆடியவர்களும், அவன் ஊதிய விசிலுக்காக அவனைத் திட்டியவர்களும் இதைப் படிப்பீர்கள். திட்டியவர்களில் முதல் ஆள் நான்தான். மலை அணிக்கு நான் தலைவன், அவன் நடுவர், அதற்கு மேல் மச்சான் மாப்பிள்ளை உறவு. சண்டைக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி ஒரு மனிதன் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தான்.

முதலில் அவனும் ஆட்டக்காரன்தான். அவன் காலில் பந்து சிக்கினால் பிடுங்க ஆள் கிடையாது. ஒரு வருஷம் மிளகு பறிக்க மரம் ஏறியவன் விழுந்தான், வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. அந்தச் சமயத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன காட்டிலாகா அதிகாரி ஒருவர், தம்மிடம் இருந்த பித்தளை விசிலை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். சடையன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். "ஓட முடியாத ஆளு எப்பிடி மாப்ளே விசில் ஊதுவே?" என்று நான் சிரித்தேன். "ஓட வேண்டியது பந்து மச்சான். எனக்குக் காலுதான் நொண்டி, கண்ணு நொண்டியில்ல" என்றான். மைதானத்தின் ஓரத்தில் ஒரு பாறை மேல் நின்றுகொண்டு, உடம்பை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து ஊதுவான். அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு பந்து கோட்டைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் மைதானத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வாசலூர்பட்டிக்குப் போகிற பாதையில் இருக்கும் அந்த இடம் கிழக்கு முனையில் மேடு, மேற்கு முனையில் பள்ளம். மேட்டில் நின்று உதைத்தால் பந்து தானாகவே பாதி தூரம் போகும். பள்ளத்தில் நின்று உதைத்தால் போன பந்து திரும்பி வரும். "சமமா ஒரு எடம் பாக்கக் கூடாதா?" என்று அடிவாரத்திலிருந்து வரும் கீழ்நாட்டார் கேட்பார்கள். சமமான இடம் இருந்தால் அதில் நெல் நடுவோமா, பந்து ஆடுவோமா? பாதி ஆட்டத்தில் இரு அணியும் பக்கம் மாறுவதால் சரிவு இருவருக்கும் பொதுவாகிவிடும். அப்படியும், எங்களிடம் தோற்றுப் போன கீழ்நாட்டு அணிகள், "சரிவுலதான் இவங்க வீரமெல்லாம்" என்று சந்தையிலே சொல்லித் திரிந்தார்கள். எங்களைக் கீழே வந்து ஆடும்படி ஒருவரும் அழைத்ததில்லை.

அந்த நிலையில்தான் காரவள்ளி அடிவாரத்து அணி ஒரு கோப்பையோடு மேலே வந்தது. ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை என்று பேச்சு. அணித் தலைவர் ரங்கசாமி சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர், நல்ல ஆட்டக்காரர். ஆட்டமே பிழைப்பாக உள்ள இரண்டு பேரைச் சேலத்திலிருந்து கூட்டி வந்திருந்தார். காலையிலேயே கிளம்பி, மலைப்பாதையில் ஏறி, நாக்குத் தள்ள வந்து சேர்ந்தார்கள். உடனே ஆட்டத்தை ஆரம்பித்துவிடலாம் என்று நான் துடித்தேன். சடையன் விசிலை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். "வந்தவங்க மூச்சு வாங்கட்டும் மச்சான். களைச்சவன ஜெயிச்சு எந்தச் செவுத்துல எழுதி வெக்கப் போறே?" என்றான். என் தங்கை எல்லோருக்கும் சாமைக் கஞ்சி ஊற்றினாள், பலாச்சுளை கொடுத்தாள். சேலத்து ஆட்கள் இருவரும் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. எங்கள் மைதானத்தில் சமனில் முடிந்த முதல் ஆட்டம் அதுதான். அதனால் அடுத்து என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரங்கசாமி முன்னால் வந்தார். "எங்க ஊரு வழக்கம் சொல்றனுங்க. மேக்கொண்டு ஆடறது. யாரு மொதக் கோல் போடறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, அதோட முடிஞ்சுது" என்றார். நான் உடனே சரி என்றேன். காசைச் சுண்டினார்கள். ராஜா தலை விழுந்தது, தலை கேட்டவன் நான். மேட்டுப் பக்கம் என்றேன். ரங்கசாமி அப்போதுதான் மேட்டையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வாயாலேயே கெட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

சடையன் பாறையிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டு நடுவுக்கு வந்தான். "மொதக் கோல்ல முடியாது. மேட்டுப் பக்கம் பத்து நிமிஷம், பள்ளத்துப் பக்கம் பத்து நிமிஷம். ரெண்டு பேரும் ரெண்டையும் ஆடோணும்" என்றான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "அவரே கேட்ட சட்டம் மாப்ளே! தலை கேட்டு ஜெயிச்சவன் நானு!" என்று கத்தினேன்.

"காசு சுண்டறதெல்லாம் ஒரு ஆட்டமா மச்சான்? காசா வந்து கோல் போடப் போகுது?"

"அவங்க ஊர்ல அப்பிடித்தான் ஆடறாங்களாம்."

"அவங்க ஊர்ல தரை சமம். அங்க அந்தச் சட்டம் செல்லும். நம்மூர்ல அண்ணந்தம்பி பாகம் பிரிச்சா எப்பிடிப் பிரிக்கறம்? மேல் பாதி உனக்கு, கீழ்ப் பாதி எனக்குன்னா பிரிக்கறம்?"

எங்கள் மலையில் சரிவுக் காட்டைக் குறுக்கே அறுத்துப் பங்கு வைக்கிற வழக்கம் கிடையாது. மேலே வறண்ட மண், கீழே ஓடைக்கரையின் கொழுத்த மண். அதனால் உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் நெட்டாகக் கயிறு பிடிப்போம். ஒவ்வொருவனுக்கும் கொஞ்சம் மேடும் கொஞ்சம் பள்ளமும் கிடைக்கும். என் அப்பாவின் காட்டை நானும் என் தம்பியும் பிரித்தபோது அந்தக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவனே இந்தச் சடையன்தான். "அப்பறமும் சமமா முடிஞ்சா?" என்று முறைப்போடு கேட்டேன். "நாளைக்கு வந்து ஆடுங்க. சாமை என்ன ஒரே நாள்லயா வெளையுது?" என்று விசிலை ஊதிவிட்டான்.

மூன்றாவது நிமிஷத்தில் நான் கோல் போட்டேன். சனம் உள்ளே ஓடி வந்து என்னைத் தூக்கியது. பந்தை எடுத்து நடுவில் வைக்கச் சொல்லிச் சடையன் கையைக் காட்டினான். பத்து நிமிஷம் முடிந்தது, பக்கம் மாறினோம். பள்ளத்தில் நின்ற எங்களை நோக்கிச் சேலத்து ஆட்கள் இருவரும் சரிவில் இறங்கி வந்தார்கள். அவர்கள் கால் பட்ட பந்து மடையை உடைத்த தண்ணீராக வந்தது. ஒன்று போட்டார்கள், இன்னொன்றும் போட்டார்கள். மூன்றுக்கு இரண்டு. கோப்பை கீழே போயிற்று.

போகிறபோது ரங்கசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் நீங்க கீழ வரோணுங்க" என்றார். அது எங்கள் மலைக்கு வந்த முதல் அழைப்பு. என் காதில் ஏறவே இல்லை. நான் நேரே சடையனிடம் போய், அத்தனை சனத்துக்கும் கேட்கும்படி, "அவங்ககிட்ட என்னத்தடா வாங்கித் தின்னே?" என்று கேட்டேன்.

அவன் விசிலின் வாயை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே நின்றான். அந்த ஒரு சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது. பல மாசம் அவனைக் காட்டு வேலைக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. நான் அவன் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். ஒரு நாள் என் தங்கை பாதையிலேயே மறித்தாள். "அண்ணா, கோப்பைய இன்னொரு வருஷம் ஜெயிச்சுக்கலாம். எங்கூட்டுக்காரரு சோத்துல கைய வெச்சா எறங்க மாட்டேங்குது. நீ சொன்னது நெசமா, இல்லையா? அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாள். பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் நடந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வெட்கங்கெட்ட காரியம் அது.

மறு வருஷம் ஆடி மாசத்தில் கீழே இறங்கிப் போனோம். சடையனால் மலைப்பாதை இறங்க முடியாது, அவன் வரவில்லை. அடிவாரத்து மைதானம் பலகையாட்டம் சமமாக இருந்தது. ஆனால் மேற்கிலிருந்து ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு அடித்தது. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அவர்கள் ஊர் நடுவர் முதல் கோல் போடுகிறவர்களுக்கே ஜெயம் என்று அறிவித்தார். காசைச் சுண்டினார்கள், இந்தத் தரம் ஜெயித்தது ரங்கசாமி. காற்றை முதுகில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாவது நிமிஷத்தில் கோல் விழுந்தது. துண்டை வீசிக்கொண்டு ஊரே உள்ளே ஓடி வந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரங்கசாமி பந்தைத் தாமே எடுத்து வந்து நடுவில் வைத்தார். நடுவர் அவரைத் தடுத்தார், ஊரார் திட்டினார்கள். அவர் சத்தமாகச் சொன்னார்: "மலைமேல நான் கேட்ட சட்டத்துல நானே தோத்திருப்பனுங்க. ஒரு நொண்டிக்கால் மனுசன் எனக்கு மேட்டக் குடுத்தாரு. இவங்களுக்குக் காத்தக் குடுக்காம நான் கோப்பையத் தொட மாட்டேன்." நடுவர் விட்டுக்கொடுத்தார். பத்து நிமிஷம் ஆனதும் பக்கம் மாறினோம். காற்று எங்கள் முதுகுக்கு வந்தது. இரண்டு கோல் போட்டு ஜெயித்தோம். அடிவாரத்து ஊரே எங்களுக்குக் கை தட்டியது. சரிவில்தான் வீரம் என்ற பேச்சு அன்றோடு செத்தது.

கோப்பையோடு மலை ஏறி வந்தோம். ஊரே மைதானத்தில் கூடியிருந்தது, பாறையருகே சடையனும் நின்றான். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் கேட்டவன், அத்தனை பேர் முன்னாலேயே பேச வேண்டும் அல்லவா? "மாப்ளே, நீ ஒண்ணும் வாங்கித் திங்கல. நாந்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்" என்று அவன் காலடியில் கோப்பையை வைத்தேன். அவன் கோப்பையைப் பார்க்கவே இல்லை. "காத்து எந்தப் பக்கம் மச்சான் அடிச்சுது? பக்கம் மாத்துனாங்களா?" என்று கேட்டான். மாற்றினார்கள் என்றேன். "அப்ப செரி" என்று சிரித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அது. என் தங்கை எங்கள் இருவரையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் சமனில் முடிகிற எந்த ஆட்டத்துக்கும், மேட்டிலும் சரி, அடிவாரத்திலும் சரி, சடையன் சட்டம்தான். வெளியூரில் இன்னும் முதல் கோலோடு முடிக்கிறார்களாம். முடிக்கட்டும். அவர்களுக்கு ஒரு சடையன் வாய்க்கவில்லை.

அவனை அடக்கம் செய்த அன்று காலையில் ரங்கசாமியும் பத்துப் பேரும் மலையேறி வந்து நின்றார்கள். சடையன் வீட்டிலிருந்து பாதை ஓடைக்கு இறங்கும், அங்கிருந்து இடுகாட்டுக்குச் செங்குத்தாக ஏறும். "நீங்க நடந்து வந்த களைப்பு, எறக்கத்துல மட்டும் தோள் குடுங்க. ஏத்தத்த நாங்க பாத்துக்கறம்" என்றேன். ரங்கசாமி தலையை ஆட்டினார். "இல்லீங்க. அவரு அப்பிடிப் பிரிச்சிருப்பாருங்களா?" என்றார்.

சடையனிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருப்பது ஒன்றே ஒன்று. ஜெயித்துவிட்டோம் என்று கை தூக்குவதற்கு முன், எதிரில் இருப்பவன் மேட்டில் நின்று ஆடினானா என்று பார்க்கிறேன். விசில் என் தங்கையிடம் இருக்கிறது, அது அவளுக்கே உரியது. அன்று ஏற்றத்தில் அதை ஊத ஒருவரும் இல்லை. ஆனாலும் பாதி மேட்டில், ஒருவரும் சொல்லாமலே இரு பக்கத்தாரும் நின்றோம், தோள் மாற்றினோம்.