சிதம்பரம் போய்த் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. காலையில் கொஞ்ச நேரம் மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் டயர் கடையைத் திறக்கும் முன் பீச் ரோட்டில் ஒரு சுற்று வருவது பழக்கமாயிற்று. நானும் கூடவே போனேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தால் மாலையில் எனக்கு உடம்பு ஓய்ந்துவிடும். காலைதான் எங்கள் நேரம்.

குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்குப் பணம் திரட்ட, கடலூரிலிருந்து சிதம்பரம் போய் ஒரே நாளில் திரும்பும் சைக்கிள் பயணத்தை என் தம்பியும் அவன் நண்பர்களும் ஏற்பாடு செய்தார்கள். இவர் என்னிடம் கேட்காமலேயே எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

"டாக்டர் மெதுவா ஓட்டலாம்னாரு. சிதம்பரம் வரைக்கும் போவலாம்னா சொன்னாரு?" என்றேன்.

"மெதுவாத்தான் போப்போறேன். மச்சான் வேன்ல பின்னாடியே வரான். அப்புறம் என்னா பயம் ஒனக்கு?"

பயம் எனக்குத்தான், அவருக்கு இல்லை என்பது போலப் பேசினார். அந்தக் கோபத்தோடுதான் அன்று காலையில் கிளம்பினேன்.

செம்மங்குப்பம் வந்ததும் ரசாயனத் தொழிற்சாலைகளின் வழக்கமான நெடி. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக மிதித்தார்கள். நான் அவர் முதுகையே பார்த்தேன். தோள் ஏறி இறங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, ஒரு கை நெஞ்சுக்குப் போகிறதா? நாள் முழுக்க இப்படித்தான் இருக்கப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. வெயில் ஏறவில்லை, ரோடு காலியாக இருந்தது, பக்கத்தில் வந்த பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

புதுச்சத்திரத்தில் இட்லி கொடுத்தார்கள். அவர் கை கழுவப் போனபோது அவர் சைக்கிள் பையைத் திறந்து பார்த்தேன். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை முந்தின நாள் நானே அதில் வைத்திருந்தேன். இல்லை. பஞ்சர் சாமானும் ஒரு கடலை மிட்டாயும்தான் இருந்தன.

"மாத்திர எங்க?"

"வூட்ல இருக்குது."

"நான் பையில வெச்சேனே?"

"எடுத்து வெச்சிட்டேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது கூட இருந்தா ஓட்டுறப்ப எனக்கு அது நெனப்பாவே இருக்குது. ஒரு நாளு, இந்த ஒரு நாளு நான் சீக்காளி இல்லாம இருந்துட்டுப் போறேனே."

தம்பியிடம் ஓடினேன். டாக்டர் சீட்டின் போட்டோ என் போனில் இருந்தது. அதை அவனுக்கு அனுப்பினேன், பரங்கிப்பேட்டையில் ஒரு மெடிக்கலில் காட்டி அந்த மாத்திரையை வாங்கி வந்தான். "மாமாகிட்ட சொல்லட்டாக்கா?" என்றான். வேண்டாம் என்றேன். அட்டையை என் பேன்ட் பாக்கெட்டில் வைத்து ஜிப்பைப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கிள்ளை வழியாகப் போனோம். கடல் காற்று எதிரில் வந்து சைக்கிளைத் தள்ளியது. அவர் ஒருமுறை திரும்பி, "எப்படி?" என்பது போலத் தலையை ஆட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பல மாதமாக நான் பார்க்காத முகம். நானும் சிரித்தேன், ஆனால் அவர் மேலுதடு வியர்த்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாடு. வடக்கு வீதியில் ஒரு சுற்று வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் தயிர் சாதத்தைத் தொடவில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்றார். நம்பினேன்.

திரும்பும்போது நேர் ரோடு, நல்ல உச்சி வெயில். நான் காலையிலிருந்து சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. பாட்டிலைச் சாய்த்து வாயை நனைத்துக்கொண்டதோடு சரி. பி.முட்லூர் தாண்டியதும் ரோடு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் சட்டை மட்டும் முன்னால் ஆடியது. பிறகு அதுவும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது ஒரு புளியமரத்தடியில் கிடந்தேன். தம்பி என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். என் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கும்போது அந்த மாத்திரை அட்டையும் அவர் கையில் வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பார்த்தார். தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

என்னை வேனில் ஏற்றினார்கள். "நீங்களும் ஏறுங்க," என்றேன். ஏறவில்லை. கொஞ்ச தூரம்தான், முடித்துவிடுகிறேன் என்றார். எனக்குக் கெஞ்சத் தெம்பில்லை. தம்பி வேனை அவருக்குப் பின்னாலேயே ஊர்ந்து ஓட்டினான். ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். ஷூ கயிறு கட்டுகிறார் என்றான் தம்பி.

கடலூர் வந்து சேர்ந்ததும் மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். அவர் மாலையோடு நேராக வேனுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அட்டையை என் மடியில் வைத்தார். ஒரு மாத்திரை குறைந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம் மச்சான்," என்றார். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

இ.சி.ஜி. எடுத்து, ராத்திரியே புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். வேறொரு இடத்தில் அடைப்பு இருந்தது. இரண்டாவது ஸ்டென்ட். எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. "சிதம்பரத்துல சாப்புட உக்காந்தப்பலேர்ந்து சார்."

வார்டில் அவரைத் திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். "அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வேன்ல ஏறியிருக்கலாமில்ல? மரத்தடியில உக்காந்து எனக்கு விசிறிக்கினு இருந்தீங்களே!"

"நீ கெடந்த கெடப்புல நான் என்னாத்த சொல்றது?" என்றார்.

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை, அழத்தான் வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. மரத்தடிக்கு அது பதில். ஆலப்பாக்கத்துக்கு? என் கண் முன்னாலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி சைக்கிளில் ஏறினாரே, அதற்கு? அதை இன்னும் நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்வார். நானும் நம்பிவிடுவேன் என்றுதான் பயமாக இருக்கிறது.

இப்போது கடைக்குப் போகிறார். இரண்டு மாதம் ஆனதும், மறுபடி சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார், பீச் ரோடு வரைக்கும். நேற்றுக் காலை அவர் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்தார். பிறகு என் சைக்கிளையும் எடுத்துவந்து சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

"நாளைக்கு நீயும் வரியா?"

இட்லிக்கு ஊறப்போட வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.