கானாவா, ஐவரி கோஸ்ட்டா?

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க யாரும் அந்த நாட்டைக் கண்ணால பாத்திருக்க மாட்டோம், ஆனா பக்கத்துத் தெரு மாதிரி பேசுவோம். கவுன்ட்டருக்குப் பின்னாடி உக்காந்து தொண்டத்தண்ணி வத்தப் பேசற உங்களுக்கெல்லாம் இது புதுசில்ல. நான் சிதம்பரத்துல எம்.ஏ. எக்கனாமிக்ஸ் படிக்கிறேன். மத்தியானம் கிளாஸ் முடிஞ்சதும் பஸ் ஏறி கடலூர் வந்து இந்த வேலை. எங்க பக்கம் முந்திரி ஜாஸ்தி, முந்திரி தரம் பிரிக்கத் தெரிஞ்ச ஆளுங்களும் ஜாஸ்தி. அவுங்களைக் கூப்புடற நாடு ரெண்டு, கானா, ஐவரி கோஸ்ட். ஆப்பிரிக்காவுல ஒட்டிக்கிட்டு இருக்கற நாடுங்க.

சுவத்துல ஒரு அட்டை

"ரெண்டுல எதும்மா நல்ல நாடு?" தினம் இதே கேள்வி. கடுப்பாகி ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, கோடு போட்டு, கரண்ட், தண்ணி, ஆஸ்பத்திரி, ரோடு, பாஷைன்னு எழுதி ரெண்டு நாட்டையும் எதிரெதிரா நிறுத்தி சுவத்துல ஒட்டிட்டேன். புள்ளையை அனுப்ப வந்த கம்மாபுரத்துப் பெரியவர் ஒருத்தர் முதல் வரியைப் படிச்சிட்டு, "ரெண்டு எடத்துலயும் கரண்ட் போவுமா?"ன்னாரு. அப்பப்ப போவும்னேன். சிரிச்சிட்டாரு. "நிலக்கரி வெட்டிக் கரண்ட் எடுக்கற எடத்துக்குப் பக்கத்துலயே எங்களுக்குக் கரண்ட் ஒழுங்கா நிக்கல. எம்புள்ளைக்கு இதெல்லாம் பழக்கம், அந்த வரியக் கிழிச்சிப் போடு பாப்பா."

கோஃபி கேட்ட கேள்வி

கோஃபி என் கிளாஸ்மேட், கானாக்காரன். தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதின்னு பேசுவான். அட்டைய போட்டோ எடுத்து அவன்கிட்ட பெருமையா காமிச்சேன். ரொம்ப நேரம் பாத்தான். "கடலூர் நல்ல ஊரா, சிதம்பரமா?"ன்னான். யோசிக்கவே இல்ல, சிதம்பரம்னேன். ஏன்னு கேட்டான். எங்கம்மா அங்கதான இருக்காங்கன்னேன். போனைத் திருப்பிக் குடுத்தான். "அப்ப அந்த வரி இதுல எங்க?" இது எக்கனாமிக்ஸ்டா, குடும்பப் பாட்டு இல்லன்னு கத்திட்டு வந்துட்டேன்.

மச்சான் இருக்காரு

பண்ருட்டிப் பக்கத்துலேர்ந்து முருகையன்னு ஒருத்தர், பொண்டாட்டி செல்வியோட வந்தாரு. ரெண்டு நாட்டுலயும் அவருக்கு ஒரே மாதிரி வேலை ரெடியா இருந்துச்சு. ஐவரி கோஸ்ட்டுதான் வேணும்னாரு. செல்வியோட அண்ணன் அங்க நாலு வருஷமா அதே முந்திரி யார்டுல இருக்காராம்.

விட்டேனா நான்? "அங்கெல்லாம் பிரெஞ்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா பேசுவீங்களா?"

"மச்சான் பேசுவாரு."

"மச்சான் என்ன, உங்க இடுப்புலயே தொங்கிக்கிட்டு இருப்பாரா? கானாவுல இங்கிலீஷ். உங்க பாரத்துலயே இங்கிலீஷ் தெரியும்னு போட்டிருக்குல்ல?"

காத்துக்கிட்டிருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. அவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. செல்வி என்னமோ சொல்ல வந்துச்சு, அவரு கையைப் புடிச்சி அடக்கிட்டாரு. "படிச்ச பொண்ணு சொல்லுது, கானாவே போட்டுடும்மா."

யெஸ்

இப்ப நம்ம தொழில் ரகசியம் ஒண்ணு. எங்க ஆபீஸ்ல யார் வந்தாலும் 'இங்கிலீஷ் ஓரளவு தெரியும்'ங்கற கட்டத்துல நாங்களே டிக் போட்டுடுவோம். கேக்கவே மாட்டோம். முருகையன் பாரத்துல டிக் போட்டது நான்தான். போட்டது மறந்துபோய், அதையே காமிச்சு அவர்கிட்ட சண்டை புடிச்சு ஜெயிச்சிருக்கேன்.

கானா போன மூணாவது மாசம் போன் பண்ணாரு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரி போயிருக்காரு. நல்ல ஆஸ்பத்திரிதானாம், டாக்டரும் தங்கமான மனுஷனாம். அட்டைல நான் எழுதினதுல ஒண்ணுகூட தப்பில்ல. ஆனா ஒரு மாத்திரை அவருக்கு ஒத்துக்காது. அதை இங்கிலீஷ்ல சொல்லத் தெரியல. மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, நாலு நாள் படுத்துக் கெடந்திருக்காரு. திட்டுவாருன்னு பாத்தா, திட்டவே இல்ல. "டாக்டர் அக்கறையாத்தாம்மா கேட்டாரு. எல்லாத்துக்கும் யெஸ்னுட்டேன்."

மேப்பு

அடுத்த வாரம் செல்வி வந்துச்சு. அண்ணன்கிட்டயே மாத்தி விடச் சொல்லிச்சு. ரெண்டு வருஷ ஒப்பந்தம், மாத்த முடியாதுன்னு எங்க முதலாளி சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. மேஜைக் கண்ணாடிக்கு அடியில இருந்த மேப்புல செல்வி வெரல வச்சிப் பாத்துச்சு. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு கோடு. "இவ்ளோதானே?"ன்னுச்சு. எழுந்துபோய் அட்டையைக் கிழிச்சேன், அதைப் பாத்து செல்வி குளுந்து போகல. வாசல்ல செருப்பு மாட்டும்போது திரும்பிச்சு. "அன்னிக்கு அவ்ளோ பேசனீங்களே, அவருக்குப் பேசறதுக்கு நீங்களே கூடப் போயிருக்கலாம்ல?"

கானாவைப் பத்தியும் ஐவரி கோஸ்ட்டைப் பத்தியும் எங்கிட்ட எத வேணா கேளுங்க, எதிர்ல உக்காந்திருந்த மனுஷனைப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க.