பதினைந்தரையாவது லெவல்

சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீட்டு வரிசையிலேயே முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்தது நான்தான். அப்போது எட்டாம் வகுப்பு. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. கேட்பவர்களுக்கு அலுத்திருக்கலாம்.

ஓவர்கிளாக் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு சிப் இவ்வளவு வேகத்தில் ஓடினால் போதும் என்று செய்தவர்கள் ஓர் அளவு வைத்திருப்பார்கள். அதை நாமே உள்ளே புகுந்து ஏற்றிவிடுவது, அவ்வளவுதான். என் கம்ப்யூட்டருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸருக்குள்ளேயே ஓர் ஓரமாக ஒட்டுக்குடித்தனம் செய்யும் கிராபிக்ஸ்தான். கார் பந்தய விளையாட்டைத் திறந்தால் என் கார் திக்கித் திக்கி ஓடும்.

பெங்களூரிலிருந்த மாமா மகனிடம் கார்டு போட்ட கம்ப்யூட்டர் இருந்தது. கோடை விடுமுறைப் போட்டிக்கு அவன் ஓர் அணி சேர்த்தான்; ஓர் இடம் காலி. திரையில் நொடிக்கு அறுபது ஃப்ரேம் படம் வந்தால் அந்த இடம் எனக்கு, வராவிட்டால் அவன் வகுப்புத் தோழனுக்கு. என்னுடையது நாற்பத்தெட்டைத் தாண்டியதே இல்லை.

"இது ஆகல்ல, பிடு. அந்த டப்பாவுல அரிசி கொட்டி வெச்சுக்கோ" என்றான். ஆகாது, விடு என்பதற்கு அவன் ஊர்க் கன்னடம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ காலில் அவன் பார்த்துக்கொண்டிருக்க, நான் வேலையைத் தொடங்கினேன். கம்ப்யூட்டரின் அடிப்படை அளவுகள் இருக்கும் பயாஸுக்குள் போய் வேக எண்ணை மாற்றுவது, மறுபடி ஆன் செய்வது, விளையாட்டை ஓடவிட்டுத் திரையின் மூலையில் எத்தனை ஃப்ரேம் என்று பார்ப்பது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா பண்றே?"

"ஆயிரத்து இருநூத்தம்பதுல இருந்து ஆயிரத்து முந்நூறுக்குப் போறேன்ப்பா. அடுத்த லெவல்."

அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஊரில் லெவல் என்றால் தங்கச் சுரங்கத்துக்குள் இருக்கும் தளம். எண் கூடக் கூட ஆழம். நான் பிறப்பதற்கு முன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள், சொல்லை யாரும் மூடவில்லை. கீழே ஏதாவது நின்றுபோனால், இறங்கியவர் வெளியே வரும்வரை சுரங்க வாசலை விட்டு யாரும் நகர மாட்டார்களாம். அப்பா வாசலுக்குப் போய், எதிர் நிழலில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு சுரங்க ஆட்களிடம், ஆயிரத்து முந்நூறைப் பதிமூன்றாக்கி அறிவித்தார்: "பாப்பா பதிமூணாவது லெவலுக்குப் போவுது!"

"பதிமூணு இன்னாத்துக்கு ஆவும்? நாங்கெல்லாம் நூறைத் தாண்டி எறங்கினவங்க" என்றது ஒரு குரல். ஆனாலும் நாற்காலிகள் எங்கள் வாசலுக்கு நகர்ந்து வந்தன.

பதினாலு. ஐம்பத்துமூன்று ஃப்ரேம். அப்பா அறிவித்தார்.

"சூடு எப்பிடிக்கீது பாப்பா? காத்து வருதா?"

"கேபினட்டத் தொறந்து டேபிள் ஃபேன் வெச்சாச்சு தாத்தா!"

"வெவரமான பொண்ணுதான்."

பதினைந்து. ஐம்பத்தெட்டு. அம்மா தூக்கம் கலைந்து எழுந்து வந்தாள். "இன்னாங்க இது, லைனையே கூட்டி வெச்சிருக்கீங்க?" போனில் மாமா மகன், "யாரது, கமென்டரி எல்லாம் போட்டிருக்கியா?" என்று கேட்டான். எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன், இவர்கள் என்னைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறார்களே!

பதினாறு வைத்தேன். திரை அணைந்தது. பட்டனை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றியது, படம் வரவில்லை.

"செத்துச்சு!" என்று போனில் சிரிப்பு.

"நின்னுடுச்சு" என்றார் அப்பா, வாசலைப் பார்த்து. அவ்வளவு நேரம் கலகலத்த வாசல் சட்டென்று அடங்கியது. ஒருவர் கேட்டார்: "பாப்பா எங்க?"

"உள்ளதான் இருக்குது."

"வெளிய வரச் சொல்லு."

எனக்கு எரிச்சல் வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல தாத்தா, கம்ப்யூட்டருக்குத்தான்!" என்று கத்தினேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றி, சிறிது நேரம் விட்டு மாட்டினால் மாற்றியதெல்லாம் மறந்து பழைய அளவுக்கு வந்துவிடும். வந்தது. ரேமின் வேகத்தை ஒரு படி ஏற்றி, வோல்டேஜை ஒரு துளி கூட்டி, பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவில் நிறுத்தினேன்.

"பதினஞ்சரைப்பா."

"அரை லெவல் ஏதும்மா?" என்றார் அப்பா. அதை அவர் அறிவிக்கவில்லை.

கார் கிளம்பியது. வளைவுகளில் வெண்ணெயாக வழுக்கியது. அறுபத்தொன்று. மூன்று சுற்று முடியும்வரை அறுபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. மாமா மகன் சிரிப்பை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. "சரி, நாளைக்குப் பிராக்டீஸுக்கு வா" என்றான். பிறகு, கேட்கவே மனமில்லாதவன்போல, "அது எப்பிடிப் பண்ணே?" என்றான். அந்தக் கேள்விக்காக இன்னொரு கம்ப்யூட்டரையே நான் கட்டிக் கொடுத்திருப்பேன்.

எண்ணைச் சொல்ல வாசலுக்கு ஓடினேன். அத்தனை பேரும் அதே இடத்தில் கதவையே பார்த்தபடி இருந்தார்கள். நான் நிலைப்படியில் தலை காட்டியதும் முன்னால் இருந்தவர் எழுந்தார். "வந்துடுச்சுப்பா" என்றார் பின்னால் இருந்தவர்களிடம். ஒவ்வொருவராக எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் போகிறபோக்கில் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

எத்தனை ஃப்ரேம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய வெற்றியின் நடுவில் அது ஒன்றுதான் எனக்கு அன்றைக்குக் குறையாக இருந்தது.